ட்ரங்குப் பெட்டியில் பர்மா: தாத்தாவின் போர்க்காலப் படங்களைக் காப்பாற்றி அடையாளம் காண்பது எப்படி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த ட்ரங்குப் பெட்டியும் நனைந்தது. உள்ளே தாத்தாவின் பட்டாளத்துப் படங்கள் 43. இரண்டாம் உலகப்போரில், பர்மா சண்டையில் எடுத்தவை: மூங்கில் பாலம், சகதியில் புதைந்த லாரி, காட்டுக்குள் கூடாரம், ஒரு டாங்கியில் சாய்ந்து நிற்கும் தாத்தா. வெள்ளம் கெடுத்தது இரண்டு படங்களைத்தான். இன்னும் ஆறு படங்களை நான் கெடுத்தேன், அடுத்த ஒரு வாரத்தில், காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அதன் பிறகு அவை எங்கே எப்போது எடுத்தவை என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் அலைந்தேன். அதில் பாதி, வேலையைத் தப்பான வரிசையில் செய்ததால் வந்த அலைச்சல்.

திருநெல்வேலிப் பக்கம் பழைய வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இருப்பது அபூர்வமில்லை. உங்கள் வீட்டிலும் இருந்தால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எதையும் துடைக்கும் முன் முதுகுப் பக்கத்தைப் படம் எடுங்கள்

நம் கண் முன்பக்கத்துக்குத்தான் போகும். ஆனால் தகவல் இருப்பது பின்னால். ஸ்டுடியோ முத்திரை, சென்சார் முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான். மை எழுத்து என்றால் ஈரம் பட்டதும் கரைந்துவிடும். நான் கெடுத்த ஆறில் நான்கு, படம் நன்றாகவே இருக்கிறது. பின்னால் எழுதியிருந்ததுதான் போய்விட்டது.

போன் கேமரா போதும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் ஒன்று. ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பெட்டியில் எந்தப் படம் எதன் மேல் இருந்தது என்ற வரிசையையும் குலைக்காதீர்கள். ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை பெரும்பாலும் ஒரே இடத்தில் எடுத்தவை.

பின்னால் உள்ள தேதியைப் படிப்பதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தாத்தா ஒரு படத்தின் பின்னால் ‘1120 மாசி’ என்று எழுதியிருந்தார். 1120 அவருடைய பட்டாள எண் என்று நானாக முடிவு செய்து, அதைப் போட்டே ஒரு கடிதமும் அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் பழைய பத்திரம் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது கொல்லம் ஆண்டுல்லா. உங்க வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்துப் பாரும்வே, எல்லாத்துலயும் இருக்கும்.”

கணக்கு இதுதான்: நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. அப்படியானால் 1120 மாசி என்பது 1945 பிப்ரவரி, மார்ச். ஜப்பானோடு மோதிய பிரிட்டிஷ் இந்தியப் படையான 14-வது இராணுவம் ஐராவதி ஆற்றைக் கடந்து மெய்க்திலாவுக்கும் மாண்டலேக்கும் சண்டை போட்ட நேரம். ஒரே வரியில் படத்துக்கு இடமும் காலமும் கிடைத்துவிட்டது. தமிழ் வருஷப் பெயர் இருந்தால்: சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46.

இன்னொரு பொறி: ஆங்கில எழுத்தில் இருக்கும், ஆனால் வாசித்தால் ஆங்கிலமாக இருக்காது. அன்றைய இந்தியப் பட்டாளத்தில் உருதுவை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழக்கினார்கள். வாய்விட்டுப் படியுங்கள், இந்தி தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருந்தால் பாதி புரிந்துவிடும்.

2. ஈரம், கண்ணாடி, பொட்டு

நனைந்த படத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை வரத் தொடங்கும். சேறு பட்டிருந்தால், சுத்தமான குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தட்டில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு எடுங்கள். முன்பக்கத்தை விரலால்கூடத் தேய்க்கக் கூடாது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும், கையோடு வந்துவிடும். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் முகம் மேலே பார்க்க நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் அப்பளம் போலச் சுருளும். ஒன்றோடொன்று ஒட்டியவற்றை ஈரமாக இருக்கும்போதே தண்ணீருக்குள் வைத்துப் பிரிக்க வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் கிழியும். எல்லாவற்றையும் உடனே பார்க்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை.

சுவரில் மாலை போட்டு மாட்டிய படம் வேறு கதை. வருஷக்கணக்கில் ஊதுபத்திப் புகையும் சூடமும் ஏறியிருக்கும். சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல் இருந்தால் கவலையில்லை. கண்ணாடி உடைந்த பிறகு படத்தின் மேலேயே பொட்டு வைத்திருந்தால் அதைச் சுரண்டாதீர்கள்; அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். காய்ந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் பிய்க்க வேண்டாம், கண்ணாடி வழியாகவே ஸ்கேன் எடுங்கள். நான் கெடுத்ததில் ஐந்தாவது அப்படிப் பிய்த்தது. முகம் கண்ணாடியில் தங்கிவிட்டது.

ஆறாவது லேமினேஷன். “லேமினேட் பண்ணிட்டா ஆயுசுக்கும் கெடாது” என்று கடையில் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். சூட்டில் பூச்சு கொப்பளித்து, இப்போது அதை எடுக்கவும் வழியில்லை. எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் பழைய படத்துக்கு லேமினேஷன் கூடாது.

3. ஸ்கேன்

அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஃபிலிம் அளவிலேயே பிரின்ட் போட்டவை. 6-க்கு 9 சென்டிமீட்டர் படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் சுமார் 1,400-க்கு 2,100 புள்ளி வரும். தோள்பட்டை எழுத்தைப் படிக்க அது போதாது. 1,200 டி.பி.ஐ. வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேல் போடாதீர்கள். கலரில் எடுத்தால்தான் கறையும் மையும் தனித்தனியாகத் தெரியும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக்.

கடையில் ஒரு படத்துக்கு எனக்கு 20 ரூபாய் கேட்டார்கள். 43 படம், இரண்டு பக்கம் என்றால் 1,720 ரூபாய்தான் ஆகியிருக்கும்; ஆனாலும் ஐந்தாறாயிரத்தில் ஒரு தட்டு ஸ்கேனரே வாங்கிவிட்டேன். அந்த விலையில் வருகிற மெல்லிய ஸ்கேனர்களில் ஒரு குறை உண்டு: சுருண்ட படம் கண்ணாடியைத் தொடாத இடத்தில் மங்கிவிடும். சுருண்டவற்றை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில், கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் வைத்துவிட்டு எடுங்கள். நெகட்டிவ் இருந்தால் இந்த ஸ்கேனர் உதவாது, மூடியில் விளக்குள்ளது வேண்டும்.

வேலைக்கு நல்ல காலம் தை முதல் சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். தென்காசி, குற்றாலம் பக்கம் என்றால் சாரல் மாதங்களையும் விட்டுவிடுங்கள்.

போனில் இருக்கும் ‘படத்தைத் தெளிவாக்கும்’ செயலிகளையும் கலர் பூசும் செயலிகளையும் அடையாளம் காணும் வேலை முடியும்வரை தொடாதீர்கள். அவை இருப்பதைத் தெளிவாக்குவதில்லை, இல்லாததை வரைகின்றன. என் அத்தை மகன் ஒரு படத்தைத் தெளிவாக்கி அனுப்பினான். தாத்தாவுக்கு வேறு மூக்கு, தொப்பியில் எந்தப் பட்டாளத்திலும் இல்லாத ஒரு சின்னம்.

4. பெரியவர்களிடம் காட்டுங்கள், ஆனால் பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்

ஸ்கேன் முடிந்த அன்றே இதைச் செய்யுங்கள். சண்டை முடிந்தபோது 18 வயது என்றாலும் அவர் இன்று நூறை நெருங்கியிருப்பார். போனவர்களைக் கேட்க முடியாது. அவர்களிடம் கதை கேட்டவர்கள்தான் மிச்சம்.

“இது தாத்தாதானே?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும். படத்தை மட்டும் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள், போனில் ரெக்கார்டை ஓடவிடுங்கள். டாங்கிப் படத்தை நாங்கள் ஐம்பது வருஷமாகத் தாத்தா டாங்கி ஓட்டியதற்குச் சாட்சியாகக் காட்டிவந்தோம். சின்ன ஆச்சி கையில் கொடுத்ததும் சொன்னது: “இது அவுக ஓட்டுன வண்டி இல்லலா. வழியில நின்னுச்சுன்னு போட்டோ எடுத்தாகளாம். அவுக அரிசி மூடை ஏத்துன லாரில்லா ஓட்டுனாக.” வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் ஆச்சி சொன்னதுதான் கடைசியில் சரியாக வந்தது.

5. உடையையும் கருவியையும் படிப்பது

பெரிதாக்கிப் பார்க்கும்போது முதலில் தோள்பட்டை. பித்தளை எழுத்துகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தாத்தாவின் தோளில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தது: ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது சாமான், சாப்பாடு, வண்டி. அடுத்தது பதவியைக் காட்டும் கைப்பட்டை: ஒரு கோடு லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார்.

மேல்கையில் படைப்பிரிவுச் சின்னம் இருந்தால் அதிர்ஷ்டம். கறுப்புப் பூனை என்றால் 17-வது இந்திய டிவிஷன், சண்டைச் சேவல் 23, அம்புக்குறி 7, வட்டமான தீப்பந்து 5, குத்துவாள் 19, சீட்டுக்கட்டு ஸ்பேட் 25. 14-வது இராணுவத்துக்குக் கேடயத்தில் கீழ்நோக்கிய வாள். முன்வரிசையில் சின்னத்தைக் கழற்றிவிடுவதும் உண்டு. அதனால் சின்னம் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

துப்பாக்கியை வைத்துத் தேதி சொல்ல முடியும் என்று நினைத்து நான் நிறைய நேரம் வீணாக்கினேன். இந்தியச் சிப்பாய்கள் கையில் பெரும்பாலும் இருந்தது, முனை மழுங்கியதுபோல் முடியும் .303 லீ என்ஃபீல்டு. பிரச்சினை, அது முதல் உலகப்போரிலும் இருந்தது, 1962-லும் இருந்தது. மேலே வளைந்த மேகசின் (தோட்டாப் பெட்டி) செருகிய பிரென் இயந்திரத் துப்பாக்கியும் இந்தப் போருக்குப் பிறகும் வெகுகாலம் புழங்கியது. போதாக்குறைக்கு அதே சாயலில் விக்கர்ஸ் பெர்தியர் என்று இன்னொன்றும் இந்தியப் படையில் புழங்கியது. துப்பாக்கி வேறொன்றுக்கு உதவும்: லீ என்ஃபீல்டின் போல்ட் பிடி வலப்பக்கம்தான். படத்தில் இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் தோள் எழுத்தைப் படித்துத் திண்டாடாதீர்கள்.

தேதிக்கு நம்பகமானவை வேறு. தொப்பிச் சின்னத்தில் கிரீடம் இருந்தால் 1950-க்கு முந்தையது, அசோகச் சிங்கம் என்றால் பிந்தையது. நெஞ்சில் பர்மா ஸ்டார் ரிப்பன் இருந்தால் படம் 1945 மே மாதத்துக்கு முன் எடுத்ததாக இருக்காது. அந்தப் பதக்கத்தை அறிவித்ததே அப்போதுதான். சாமான் ஏற்றும் டகோட்டா விமானம் தெரிந்தால் பக்கவாட்டில் உள்ள வட்டச் சின்னத்தைப் பாருங்கள். ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழம்பக் கூடாது என்று 1943-லிருந்து இந்தப் பகுதி விமானங்களில் நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

டாங்கி பக்கவாட்டில் ஒரு பெரிய பீரங்கியும், மேலே கோபுரத்தில் ஒரு சின்ன பீரங்கியுமாக இருந்தால் அது லீ. 1944 ஏப்ரலில் இம்பால் பக்கம் நுன்ஷிகும் குன்றில் ஏறியது இந்த வகைதான். எங்கள் படத்தில் இருந்ததும் லீ. ஒரே பெரிய பீரங்கி கோபுரத்திலேயே இருந்தால் ஷெர்மனாக இருக்கலாம்.

ஏமாற்றக்கூடியவை சில. ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் காடு திரைச்சீலையாக இருக்கும், துப்பாக்கி இரவலாக இருக்கும். ஒரே பெட்டியில் இரண்டு தலைமுறைப் படங்கள் கலந்திருக்கும்: எங்கள் பெட்டியில் 1987-லிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் போய்வந்த பெரியப்பாவின் படங்களும் இருந்தன. காடு ஒரே மாதிரிதான். ஆனால் கலர் பிரின்ட், கையில் நீளமான எஸ்.எல்.ஆர். துப்பாக்கி.

மலாயாவிலோ பர்மாவிலோ பிழைக்கப் போன குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது நேதாஜி படையாக இருக்கலாம். அவர்களும் பிடிபட்ட பிரிட்டிஷ் துப்பாக்கியையும் காக்கியையும்தான் பயன்படுத்தினார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தொப்பியிலும் நெஞ்சிலும் உள்ள சின்னத்தைப் பார்க்காமல் ‘பிரிட்டிஷ் பட்டாளம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

6. பட்டாள எண்ணைத் தேடுங்கள்

எண் இல்லாமல் கடிதம் எழுதினால் தபால்தலைதான் நஷ்டம். எண் இருக்கக்கூடிய இடங்கள்: டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், சம்பளப் புத்தகம், பென்ஷன் தாள். இவை இல்லாவிட்டால் பதக்கம். மற்ற பதக்கங்களுக்கு விளிம்பில், நட்சத்திரப் பதக்கங்களுக்குப் பின்பக்கம், இந்திய வீரர்களுக்கு எண்ணும் பெயரும் பொறித்தே கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்குப் பொறிக்காமல் கொடுத்தார்கள், ஆகவே இணையத்தில் பார்த்துவிட்டு உங்களுடையது போலி என்று பயப்பட வேண்டாம். பிரஷ்ஷோ பிராஸோவோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கும்.

எங்களுக்குக் கிடைத்தது பெட்டி மூடியில். மேலே பூசியிருந்த பச்சைப் பெயின்ட் வெள்ளத்தில் உரிந்த இடத்தில், அடியில் வெள்ளை எழுத்தில் எண், பெயர், ஊர். ட்ரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடும் முன் நான்கு பக்கமும் பாருங்கள்.

7. எங்கே எழுதுவது, என்ன ஆகும்

தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று எல்லோரும் அங்கேயே எழுதுகிறார்கள். சாப்பர்ஸ் (பொறியாளர் படை), சர்வீஸ் கார்ப்ஸ், பயனியர் (கட்டுமான வேலைப் படை), சிக்னல், ஆஸ்பத்திரி என்று எதிலும் இருந்திருக்கலாம். சாதாரணச் சிப்பாய்களின் பதிவேடு அந்தந்தப் பிரிவின் ரெக்கார்டு அலுவலகத்தில்தான்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர், தென்பகுதி சர்வீஸ் கார்ப்ஸ் ஆகியவற்றுக்குப் பெங்களூரு, சிக்னலுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வண்டி, கருவி பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. குழப்பமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஆங்கிலத்தில் இருக்கட்டும். எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த வருஷம் உத்தேசமாக. கூடவே உங்கள் ஆதார் நகல், தாத்தாவின் இறப்புச் சான்று, தாத்தா, அப்பா, நீங்கள் என்று தொடர்பு காட்டும் ஏதாவது தாள்கள், தோள் எழுத்து தெரியும் ஒரு படப் பிரதி. அசலை எந்தக் காரணத்துக்கும் அனுப்பாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் இல்லையே என்று தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

எனக்குப் பதில் வர நான்கு மாதம் ஆனது. அவ்வளவு காத்திருந்தும் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்: மத்திய அரசு இணையதளத்தில் 10 ரூபாய், தபாலில் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. முதலிலேயே இதைப் போட்டால் ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம்’ என்று திருப்பிவிட வாய்ப்புண்டு, அதனால் உறவைக் காட்டும் தாள்களை இதோடும் இணையுங்கள். கிடைப்பதும் பெரிய கதையாக இருக்காது. எனக்கு வந்தது ஒரே தாள்: சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பிரிவு, பதக்கங்கள். ‘டிரைவர்’ என்று அதில் இருந்ததைப் பார்த்ததும் ஆச்சிக்குப் போன் போட்டேன்.

8. இணையத்தில் ஒப்பிடுவது

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் படத்தொகுப்பை இலவசமாகப் பார்க்கலாம். எஸ்.இ. என்று தொடங்கும் எண்கள் தென்கிழக்காசியப் போர்முனை, ஐ.என்.டி. என்று தொடங்குபவை இந்தியா, பர்மா பக்கம் எடுத்த அதிகாரப்பூர்வப் படங்கள். இங்கே எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது: தாத்தா எடுத்தது என்று நாங்கள் நினைத்த படங்களில் மூன்று அந்தத் தொகுப்பிலேயே இருந்தன. எப்படியோ கிடைத்த பிரின்டைத் தன் படங்களோடு வைத்திருக்கிறார். உங்கள் பெட்டியில் ஒரு படம் மட்டும் மற்றவற்றைவிட மிகக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கூட நிற்பவர் சண்டையில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம், காசு இல்லை. திருநெல்வேலி என்று தேடினால் ஒன்றும் வராது. இரண்டு என், இரண்டு எல், கடைசியில் ஒய் போட்டு டின்னவெல்லி என்று தேடுங்கள். தூத்துக்குடி, தென்காசி ஊர்களும் அதற்குள்தான் வரும். செங்கோட்டைக்காரர் என்றால் திருவிதாங்கூரில் பாருங்கள், 1956 வரை அது அங்கேதான் இருந்தது. பெயர் எழுத்து மூன்று நான்கு விதமாக இருக்கும், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள், சுமார் 27,000 பேர், ரங்கூனுக்கு வடக்கே தௌக்யான் நினைவிடத்தில் பொறித்திருக்கின்றன.

9. எடுத்து வைப்பது

ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பமும், நாற்றம் அடிக்கும் பி.வி.சி. உறையும் வேண்டாம். பாலிபுரொப்பிலீன் உறை இணையத்தில் நூறு 700, 800 ரூபாய்க்குக் கிடைக்கும். உறையின் மேல் எழுதுங்கள், படத்தின் மேல் எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் பின்னால் மெல்லிய பென்சில். அந்துருண்டையும் வேப்பிலையும் படத்தைத் தொடக் கூடாது. பரண் சூடு, தரை ஈரம். பீரோவின் நடுத்தட்டு போதும், சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

ஸ்கேன் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்கில் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். எங்களுடையது கோவில்பட்டியில் மதினி வீட்டில் இருக்கிறது. ஸ்கேனர், உறை, டிஸ்க், தபால் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினோராயிரத்துச் சொச்சம். கடையில் ஸ்கேன் செய்து, டிஸ்குக்குப் பதில் பென் டிரைவ் போட்டால் நாலாயிரத்துக்குள் முடித்துவிடலாம். டாங்கிப் படத்தின் உறையில் இப்போது எழுதியிருப்பது: ‘1945 மாசி. லீ டாங்கி. சாய்ந்து நிற்பவர் லாரி டிரைவர்.’